பாண்டீஸ்வரி வளைவு

கம்பத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் ஆறாவது கொண்டை ஊசி வளைவுக்கு நெடுஞ்சாலைத் துறை வெறும் எண்ணைத்தான் எழுதி வைத்திருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களைக் கேட்டால் அதற்குப் பெயரே உண்டு என்பார்கள். பாண்டீஸ்வரி வளைவு. ஒரு பொம்பளையின் பெயரில் சாலை வளைவு இருக்கிறதென்றால் அவர் தியாகியாகவோ தலைவராகவோ இருந்திருப்பார் என்று யாரும் நினைப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சுருளிப்பட்டி பாண்டீஸ்வரி பதினெட்டு வருஷம் அந்த இடத்தில்தான் தினமும் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, வாந்தி எடுத்தாள்.

அவளும் பார்க்காத வைத்தியமில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள், ஓமம் மென்று பார்த்தாள், வெறும் வயிற்றோடும் போனாள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் போனாள். மருந்துக்கடை மாத்திரை அவளை நன்றாகத் தூங்க வைத்தது, ஆனால் ஆறாவது வளைவில் கரெக்டாக எழுப்பியும் விட்டது. எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பெண்கள். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்தபடி மலை ஏறுவார்கள். முன்சீட்டு கங்காணிக்கு. அவர் வராத நாளில் அவருடைய துண்டு மட்டும் அதில் உட்கார்ந்து வரும்.

ஜீப் ஓட்டும் தங்கப்பாண்டியன் நல்ல மனுஷன். முதல் வருஷம் அவள் கத்தினால் நிறுத்தினான், அடுத்த வருஷத்திலிருந்து தானாகவே நிறுத்தப் பழகிக்கொண்டான். அவள் இறங்கியிருக்கும் ஒரு நிமிஷத்தில் மற்ற பெண்கள் தண்ணீர் குடித்து, கொண்டையை முடிந்து, முந்தின நாள் சீரியல் கதையையும் பேசி முடித்துவிடுவார்கள். ஒருமுறை அவள் காய்ச்சலில் வீட்டோடு படுத்துவிட்டாள். அன்றைக்கும் ஜீப் அங்கே நின்றது. யாரும் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் தங்கப்பாண்டியனுக்கு உறைத்தது, தான் எதற்கு நிறுத்தினோம் என்று.

வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு என்ன, கேட்பார்கள். கணவன் சுருளிவேல் குத்தகைக்கு எடுத்த திராட்சைத் தோட்டம் ஒரு பழவெட்டு கொடுக்கும், அடுத்த வெட்டு கெடுக்கும். மலையில் மட்டும்தான் வருஷம் முழுக்க வேலை. அதனால் ஏறினாள்.

அந்த ஜீப்பிலிருந்து அவளை இறக்கிவிட்டது சூரியன் என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்கு அந்தப் பக்கம், மேகமலை அடிவாரத்தில், தென்மலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று வந்து ஆறேழு வருஷம் ஆகிறது. மாணவர் விடுதிக்குப் பின்னால் கிடந்த வெற்றுத் தரையில் போன வருஷம் பன்னிரண்டு வரிசையாகச் சோலார் பேனல் நட்டார்கள். அத்தனையும் சேர்ந்து விடுதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் கரண்டு கொடுக்கிறது. பேனல் மேல் தூசி படிந்தால் கரண்டு குறையும், கழுவ இரண்டு பேர் வேண்டும் என்ற செய்தியை விடுதியில் கூட்டிப் பெருக்கும் உமாதேவி கொண்டுவந்தாள். உமாதேவி, பாண்டீஸ்வரியின் நாத்தனார். நாத்தனாரும் மதினியும் ஒன்றாக வேலைக்குப் போகப்போகிறார்கள் என்றதும் தெருவே சிரித்தது. அவர்கள் இருவரும் சண்டை போட்டதே இல்லை என்பது தெருவுக்குத் தெரியாது.

அங்கே மின்சாரப் பொறியாளர் இவாஞ்சலின். போடிக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரின் இளைய மகள், இருபத்தாறு வயதிருக்கும். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"அக்கா, மலையில சம்பளம் கூடவாச்சே. அத விட்டுட்டு எதுக்கு இங்க வாரீங்க?"

"கூடத்தேன் மேடம். ஆனா அங்கன போயிச் சேர்றதுக்குள்ள கொடலே வாய்க்கு வந்துருது. இது நடந்து வார தூரம். ஜீப்புல ஏற வேண்டாம்ல, அது போதும்."

இவாஞ்சலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உள்ளதை மறைக்காமல் சொன்னாள். பேனல்களைப் பராமரிப்பது கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று. தானாகவே கழுவும் மெஷின் ஒன்றை வாங்கலாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். கரண்டு குறையாமல் வந்தால் வேலை நிரந்தரம். குறைந்தால் மெஷின் வந்துவிடும்.

"மிஷினு வந்தா நான் மறுபடியும் ஜீப்பு ஏறணும், அம்புட்டுத்தேன?" என்று பாண்டீஸ்வரி கேட்டாள். இவாஞ்சலின் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.

விடிந்தும் விடியாமல் வேலை தொடங்கும். மேகமலைக்கு மேல் சூரியன் தலையைக் காட்டி, வெயில் பேனலில் விழுவதற்குள் முடித்துவிட வேண்டும். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் வெயில் வந்தபின் யாரும் பேனலைத் தொடக் கூடாது. உமாதேவி குழாய் பிடிப்பாள், பாண்டீஸ்வரி நீளக் கம்பில் மாட்டிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, ரப்பர் வைத்து வழிப்பாள். தண்ணீர் போதுமென்றால் "மதி, மதி" என்பாள். ஏலத்தோட்டத்து மலையாளம் ஒட்டிக்கொண்டு வந்ததில் அது ஒன்று. உமாதேவியும் அதைக் கேட்டுக் குழாயை மூடப் பழகிவிட்டாள்.

வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. திராட்சைப் பந்தலுக்கடியில் அண்ணாந்தே நின்று கழுத்துப் போனது, ஏலக்காய் எடுக்கக் குத்தவைத்தே இடுப்புப் போனது. "ஆயுசுல மொதத் தடவையா நிமிந்து நின்னு வேலை பாக்குறேன்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டாள். "எங்கிட்ட மட்டும் எப்பவும் நிமிந்துதான நிப்ப" என்றான் சுருளிவேல். வாங்கிக் கட்டிக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மைனர் வரும் வரைக்கும்.

மைனர் ஒரு மயில். தோகை முழுசாக வளர்ந்த ஆண் மயில். பேனல்களின் முதல் வரிசைக்குப் பின்னால் உள்ள கருவேலங்காட்டிலிருந்து நடந்து வருவான். வேலிக்கம்பியைத் தாண்டும்போதுகூட அவசரப்பட மாட்டான், பட்டுவேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர்போல வருவான். அதனால்தான் அந்தப் பெயர். வந்தவன் கழுவித் துடைத்த பேனலில் தன் முகத்தைப் பார்ப்பான். வேறு எவனோ தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று கோபம் வரும். கொத்துவான், காலால் உதைப்பான், மேலே ஏறித் தோகை விரித்து ஆடுவான். ஆட்டத்தை ரசிக்க நாலைந்து பெண் மயில்கள் பேனல் மேலேயே வரிசையாக உட்காரும். உட்கார்ந்தவை சும்மா எழுந்து போகுமா? போன பிறகு பார்த்தால் பேனல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். அரைமணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தாலும் வராத வெள்ளை.

விரட்டலாம் என்றால் உமாதேவி விடமாட்டாள். மைனரைக் கண்டதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறவள்.

"முருகன் வாகனத்தப் போயி கம்பெடுத்து அடிப்பீகளா மதினி?"

"அடிக்கலடி, சும்மா போன்னு சொல்றேன்."

"அத ஏன் கம்ப வச்சுக்கிட்டுச் சொல்றீக?"

அடித்தால் வனத்துறையும் சும்மா விடாது என்று காவலாளி வேறு பயமுறுத்தினார். ஆக, சாமிக்கும் பயம், சர்க்காருக்கும் பயம். மைனருக்கு மட்டும் எந்தப் பயமும் இல்லை.

சித்திரை முடியும்போது இவாஞ்சலின் கூப்பிட்டு அனுப்பினாள். மடிக்கணினியில் கோடு கோடாக எதையோ காட்டினாள். "முதல் நாலு வரிசையில மட்டும் கரண்டு இறங்குதுக்கா. எச்சம் காய்ஞ்சு கெடக்குறதுதான் காரணம். ஒரு பேனல்ல அந்த இடமே கருகிப் போச்சு. மாசக் கடைசியில கோயம்புத்தூர் கம்பெனியில இருந்து சசிதரன் சார் வந்து பார்ப்பார். அவர் வாரதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணணும். நானும் பத்து நாள் லீவு, எங்க அக்காவுக்குக் கல்யாணம்."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க மேடம். வழிய நான் பாத்துக்கிறேன்" என்றாள் பாண்டீஸ்வரி. சொல்லும்போது அவள் மனதில் ஒரு வழியும் இல்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து போகிற வழியில், பழம் வெட்டி முடிந்த சுருளிவேலின் தோட்டத்தில், பந்தல் ஓரத்தில் சுருட்டி வைத்திருந்தது கண்ணில் பட்டது. வலை. கிளியும் மைனாவும் திராட்சையைக் கொத்தாமலிருக்கப் பந்தலைச் சுற்றி மூடுகிற வலை. இத்தனை நாளாக இது தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் காய்ந்த எச்சத்தை வெகுநேரம் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, சாயங்காலம் அவளும் உமாதேவியும் சுருளிவேலும் சேர்ந்து நாலு வரிசைக்கும் வலை கட்டினார்கள். கோடை விடுமுறை, வளாகத்தில் ஈ காக்கை இல்லை. காவலாளிக்கு வெட்டியதில் மிச்சமிருந்த ஒரு பை திராட்சை போனது, அவர் டார்ச் பிடித்துக்கொண்டு யோசனையும் சொன்னார். வலை கண்ணாடியில் படக் கூடாது என்று குறுக்கே மூங்கில் கம்புகள் கொடுத்து, மூலைக்கு மூலை இழுத்து, பந்தல்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டு, தட்டினால் மத்தளம்போல அதிரும்படி விறைப்பாகக் கட்டினாள். நாற்பத்திரண்டு வயதில் அவள் செய்த வேலைகளிலேயே அவளுக்கு அதிகப் பெருமை தந்தது அதுதான். திங்கட்கிழமை விடியற்காலையில் மைனர் வந்தான், வலையைப் பார்த்தான், சுற்றி வந்தான், ஒரு அகவல் அகவிவிட்டுப் போய்விட்டான். பேனலில் ஒரு பொட்டு எச்சம் இல்லை. "கழுவவே வேண்டாம்டி" என்று நாலு வரிசையையும் விட்டுவிட்டு மற்ற எட்டையும் கழுவிவிட்டு வெயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. சசிதரன் குரலில் எப்போதும் ஒரு மரியாதை இருக்கும், அது அன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது.

"ஏனுங்க, பேனலெல்லாம் கழுவறீங்களா இல்லீங்களா? உற்பத்தியில ஆறுல ஒரு பங்கைக் காணோமுங்க."

"மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம் சார், அம்புட்டுச் சுத்தம்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தூசி இல்லையென்றால் கோளாறு இயந்திரத்தில்தான் என்று கம்பெனி முடிவு செய்தது. பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு ஏசி அறையில் இருக்கிறது. புதன்கிழமை இரண்டு டெக்னீஷியன்கள் காரில் வந்து அந்த அறைக்குள் போனார்கள். சுற்றிலும் வெயில் கொளுத்தும்போது ஏசி அறையை விட்டு வெளியே வர எந்தப் புத்திசாலிக்குத்தான் மனசு வரும்? இரண்டு நாளும் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்தார்கள், எண்களைப் படம் பிடித்தார்கள், கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அறையிலிருந்து இருநூறு அடி நடந்து பேனலைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பேனல் என்ன செய்கிறது என்பதுதான் திரையிலேயே தெரிகிறதே.

வியாழக்கிழமை மதியம் பாண்டீஸ்வரி மறுபடி வளாகத்துக்கு வர நேர்ந்தது. காலையில் தூக்குச்சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். உச்சி வெயில். அந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகியும் அவள் பேனலை வெயிலில் பார்த்ததே இல்லை. அவள் வருவது வெயிலுக்கு முன்னால், போவதும் வெயிலுக்கு முன்னால். முதல் வரிசை ஓரம் வைத்த தூக்குச்சட்டியை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது பேனலைப் பார்த்தாள்.

கண்ணாடி முழுக்க நிழல். வலையின் கட்டம் கட்டமான நிழல், மூங்கில் கம்பின் பட்டையான நிழல். போதாக்குறைக்குப் பக்கத்துக் குல்மோகர் மரத்துப் பூவெல்லாம் காற்றில் பறந்து வலை மேல் குவிந்து கிடந்தது, அதன் நிழல் வேறு. அந்த நிழலை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏலச்செடிக்குப் பாதி நிழலும் பாதி வெயிலும் வேண்டும் என்று மரக்கிளைகளைக் கழிக்கச் சொல்லிக் கங்காணி வருஷா வருஷம் தரையில் காட்டிய நிழல் இப்படித்தான் இருக்கும். ஏலக்காய்க்கு அது சோறு. வெயிலைத் தின்று கரண்டு தருகிற கண்ணாடிக்கு?

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துவிட்டது. ஆறில் ஒரு பங்கைத் தின்றது மயிலும் இல்லை, மெஷினும் இல்லை, அவள் போட்ட முடிச்சுதான்.

விடுதி வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த உமாதேவியிடம் ஓடினாள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

"மதினி, கத்தாதீக. சாயங்காலம் பேசாம அவுத்துப்புடுவோம். நாளைக்குக் கரண்டு தன்னால ஏறும். அந்த ரெண்டு பேரும் தாங்கதான் சரி பண்ணோம்னு சொல்லிக்கிட்டு ஊருக்குப் போவாக. யாருக்குத் தெரியப் போகுது?"

நல்ல யோசனைதான். பாண்டீஸ்வரிக்கும் அதுதான் தோன்றியது. "சரி, ஆனா அவுக என்ன எழுதிருக்காகன்னு தெரியுமா?" என்று கேட்டாள். உமாதேவிக்குத் தெரியும். காபி கொடுக்கப் போனபோது காதில் விழுந்திருந்தது. இன்வெர்ட்டரைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள். கல்யாணம் கல்யாணம் என்று பொறியாளர் மேடம் சரியாகக் கவனிக்காததுதான் காரணம் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை தலையில் விழும். வாயைத் திறந்தால் தன் தலையில் விழும், திங்கட்கிழமை இருட்டோடு ஜீப்புக்கு நிற்க வேண்டும். பாண்டீஸ்வரி போனை எடுத்து இவாஞ்சலினுக்குப் போட்டாள்.

மறுபக்கம் ஒரே சத்தம். ஒலிபெருக்கியில் யாரோ ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள்.

"மேடம், தாலி கட்டியாச்சா?"

"ஆச்சுக்கா. சாப்பாட்டுக்கு ஜெபம் நடக்குது. என்ன விஷயம்?"

"அப்பச் சரி, சொல்லலாம். கரண்டக் கொறச்சது நாந்தேன் மேடம். மயிலு ஏறக் கூடாதுன்னு வலை கட்டுனேன். வலை நெழலு பூராம் பேனல் மேல விழுகுது. இப்பத்தேன் பாத்தேன். நீங்க கவனிக்கலன்னு எழுதுறாக. நீங்க என்னா பண்ணுவீக? நான் செஞ்சதுன்னு நீங்களே அவுககிட்டச் சொல்லிப்புடுங்க."

ஒலிபெருக்கியில் ஆமென் சொன்னார்கள். "தூசியைச் சொன்னேன், எச்சத்தைச் சொன்னேன், நிழலைச் சொல்லாம விட்டுட்டேனே அக்கா" என்றாள் இவாஞ்சலின். "சீரியல் லைட்டுல ஒரு பல்பு போனா மொத்தமும் மங்கிருது பாருங்க, அது மாதிரிதான் இதுவும். ஒரு மூலையில நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துரும். வலைய அவுக்காதீங்க. சசிதரன் சார் நாளைக்கு வாரார். அவர் கண்ணு முன்னாலயே அவுப்போம்."

வெள்ளிக்கிழமை மதியம் சசிதரன் வந்தார். வலையைப் பார்த்தார். இரண்டு டெக்னீஷியன்களும் முதல் தடவையாக அந்தத் தரையில் கால் வைத்து, குடை பிடித்தபடி வலையைப் பார்த்தார்கள். மஞ்சள் கயிறும் மல்லிகைப்பூவும் எண்ணெய்ப் பலகாரமுமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்த இவாஞ்சலின் தன் போனைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தாள். "இந்த எண்ணைப் பாத்துக்கிட்டே இருங்கக்கா. இப்ப வார கரண்டு இதுதான்."

"பாக்குறதுக்கு எங்கிட்டக் கை ஏது? அவுக்கணும்ல" என்று போனை உமாதேவியிடம் தள்ளினாள். காவலாளியிடம் அரிவாளை வாங்கி முதல் முடிச்சை அறுத்தாள். வலை சரிந்தது, பூவெல்லாம் அவள் தலையில் கொட்டியது.

"மதினி, ஏறுது!" என்று உமாதேவி கத்தினாள்.

இரண்டாவது வரிசை. "இன்னும் ஏறுது!" மூன்றாவது வரிசை அவிழ்ந்தபோது உமாதேவி எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டுக் குதிக்கவே தொடங்கிவிட்டாள். நாலாவதை அறுத்துவிட்டுப் பாண்டீஸ்வரி வந்து போனை எட்டிப் பார்த்தாள். எண் நின்ற இடம் வலை கட்டுவதற்கு முந்தைய எண்ணைவிடக் கூட இருந்தது. ஆறு நாளாக எச்சம் விழாத கண்ணாடி அல்லவா. இரண்டரை மாதமாகக் கழுவிய பேனல் என்ன செய்கிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்வெர்ட்டரைக் கழட்டியிருந்தோம்னா கம்பெனி மானம் போயிருக்குமுங்க" என்று சசிதரன் பொதுவாகச் சொன்னார். டெக்னீஷியன்கள் இருவரும் மேகமலையைப் பார்த்தார்கள். "நிழல்தான் காரணம்னு உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

"ஏலத்தோட்டத்துல பதினெட்டு வருசம் நெழலத்தான சார் பாத்தேன்."

வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பாண்டீஸ்வரி வீட்டுக்கு வந்து, ஜீப்பில் கொண்டுபோகும் பழைய கூடையை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

மைனர் விவகாரம் மட்டும் பாக்கி. வேலை இருக்கிறதோ இல்லையோ, அதை முடித்துவிட்டுப் போவதென்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, தன் கல்யாணச் சீராக வந்த பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றச் சுருளிவேலிடம் சொன்னாள். "மயிலுக்குச் சீர் குடுத்த மொத ஆளு நீதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் அதைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கருவேலங்காட்டை ஒட்டி, வேலிக்கு அந்தப் பக்கம், பேனலுக்கு நெடுந்தூரத்தில் அதை நேராக நிமிர்த்தி நட்டார்கள். மறுநாள் விடியலில் மைனர் வந்தான். தன் முழு உயரத்துக்கும் ஒரு எதிரி நிற்பதைப் பார்த்தான். பேனலில் தெரிந்தவன் சாய்ந்து மங்கலாக இருப்பான், இவன் நேராகப் பளிச்சென்று நின்றான். அன்றிலிருந்து மைனருக்கு வேறு வேலையே இல்லை. ரசிகைகளும் அங்கேயே இடம் மாறிவிட்டார்கள்.

அந்த வாரமே சசிதரன் போன் செய்தார். மெஷின் வாங்கவில்லை. பாண்டீஸ்வரிக்கு வேலை நிரந்தரம், உமாதேவிக்கும்தான். அவள் வாய் நிறைய நன்றி சொல்வதற்குள் அவர் மேலும் பேசினார்.

"இன்னொண்ணுங்க. கம்பம்மெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல, காய் உலர்த்தற ஸ்டோர் கூரை முழுக்கப் பேனல் போட்டிருக்கறோம். அங்க இருக்கற பொம்பளையாளுங்களுக்குக் கழுவறதுக்கும் நிழல் பார்க்கறதுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கோணும். வாரம் ஒரு நாள். இங்க கழுவறது, அங்க சொல்லிக் குடுக்கறது ரெண்டும் சேர்ந்த வேலைதானுங்க. ஜீப்பு அனுப்பிடறோம்."

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதிலிருந்து தப்பிக்க இத்தனை பாடுபட்டாளோ அதையே பரிசாக அனுப்புகிறார்கள். "பதினெட்டு வருசம் தினந்தினம் எடுத்தவளுக்கு வாரத்துல ஒரு நா எடுக்கக் கசக்குதாக்கும்" என்று சுருளிவேல் கேட்டான். அவனை முறைத்துவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போனாள்.

வந்து நின்றது தங்கப்பாண்டியனின் ஜீப்தான். கம்பெனி அந்த ஒரு நாளைக்கு அவனை வாடகைக்குப் பேசியிருந்தது. பாண்டீஸ்வரி பழக்கத்தில் பின்பக்கம் போய்ப் படியில் கால் வைத்தாள்.

"அக்கா, பின்னாடி பூராம் குழாயும் பிரஷ்ஷும் அடுக்கிருக்கு. முன்னாடி ஏறுங்க."

"கங்காணி சீட்டுலயா?"

"இன்னைக்கு நீங்கதான கங்காணி."

முன்சீட்டின் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் ஏறிக்கொண்டாள். கையில் எலுமிச்சம்பழம். ஜீப் மலை ஏறியது. பதினெட்டு வருஷமாக ஏறிய சாலையை அவள் அன்றைக்குத்தான் எதிரே பார்த்தாள். வளைவு வருவதற்கு முன்பே வளைவு தெரிந்தது. மரம் வருமுன் மரம் தெரிந்தது. ஒரு திருப்பத்தில் கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்தது. திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள், அதற்கப்பால் மேகமலை அடிவாரத்தில் பன்னிரண்டு வரிசையும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. "அங்கன பாரு தம்பி, அது நம்மளுது" என்று காட்டினாள். பேச்சு சுவாரசியத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜீப் நின்றது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நீட்டிவிட்டு, தங்கப்பாண்டியன் நாகரிகமாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆறாவது வளைவு.

பாண்டீஸ்வரி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பசிக்கத்தான் செய்தது. ஏதோ ஞாபகமறதியாக இருக்கும், இப்போது வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்தது. பதினெட்டு வருஷம்! ஒரே ஒரு நாள் இந்த முன்சீட்டில், போகிற வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு துண்டு உட்கார்ந்து வந்த சீட்டு.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு இன்னொரு ஜீப் அவர்களைக் கடந்து ஏறியது. பின்பலகையின் ஓரத்தில், பதினாறு பேரோடு நசுங்கிக்கொண்டு, ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்தபடி போனாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளாக இருக்கும். முன்சீட்டில் ஒரு துண்டு கிடந்தது.

"அது யாரு வண்டி?" என்றாள் பாண்டீஸ்வரி.

"நம்ம மச்சினன் வண்டிதான் அக்கா."

"மச்சினனுக்குப் போன் போடு. அந்தப் பிள்ளைய எறக்கி முன்னாடி உக்கார வைக்கச் சொல்லு. துண்ட எடுத்துப் பின்னாடி போடச் சொல்லு. அதுக்கு ஒண்ணும் வாந்தி வராது. உன் வண்டிக்கும் நாளையிலருந்து அதுதேன் சட்டம்."

"கங்காணி கேட்டா என்னக்கா சொல்ல?"

"கங்காணிதேன் சொன்னாகன்னு சொல்லு" என்றாள். எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். "எதுக்கு இன்னும் நிக்கிற? இங்கன யாரும் எறங்கல. எடு வண்டிய."

தங்கப்பாண்டியன் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.